'கேஸ் இருக்கிறது' என்று சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக அளவில் வீடுகளுக்கு எரிசக்தி எட்டாமல் இருப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் கடைசிப் பத்தி எனக்கு உறுத்தலாக இருந்தது. ஏழை நாடுகளில் வருமானம் உயர்ந்தால் பெண்களின் அடுப்படிப் பாடு தானாகவே தீர்ந்துவிடும், எனவே வறுமையைக் கவனித்தால் போதும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அப்படித் தானாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற களக் கணக்கெடுப்பாளர். வேலை பார்த்த காலமெல்லாம் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள். வீட்டுச் செலவு, வீட்டு வசதி, எரிபொருள், மின்சாரம் என்று நாங்கள் கேட்காத கேள்வி கிடையாது. நீங்கள் அச்சிடும் சதவீதங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒரு வாசல் திண்ணையிலோ முன்னறை நாற்காலியிலோ, பத்து நிமிடப் பேச்சில் பிறக்கின்றன. பேசுகிறவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அவர் பெரும்பாலும் ஆண்.

"சமையலுக்கு என்ன எரிபொருள்?" என்று கேட்போம். "கேஸ்" என்பார். பெருமையாகவே சொல்வார், சொல்ல வேண்டியதுதானே. விடையைக் கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். விறகு பொறுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வி சில படிவங்களில் இருக்கும். "அதெல்லாம் கொஞ்ச நேரம்தான்" என்று அவரே சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல், "கொஞ்ச நேரமா? காலையில போனா வெயில் ஏறித்தான் வர்றோம்" என்று வந்தால் அந்தப் படிவம் அதிர்ஷ்டம் செய்தது. பல வீடுகளில் அந்தக் குரல் வராது. விறகுக்குப் போனவர் இன்னும் திரும்பியே இருக்கமாட்டார்.

மேலதிகாரிகளிடம் இதைச் சொன்னதுண்டு. படிவத்தில் பதிலளிப்பவர் ஒருவர்தான், வீட்டுக்கு ஒரு படிவம்தான், இரண்டு பேரைக் கேட்டால் நேரமும் செலவும் இரட்டிப்பாகும் என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு வீட்டுக்குள் எரிசக்தி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அந்த ஒற்றைப் படிவத்தில் மறைந்தே போகிறது. அப்புறம் அதை வைத்துக்கொண்டு வறுமை மட்டும்தான் காரணம் என்று எழுதுவது எளிது. வறுமையைத்தான் நாம் அளந்திருக்கிறோம், மற்றதை அளக்கவே இல்லை.

உங்கள் கட்டுரை இரண்டு எண்களை அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டுக் கடந்து போனது. எனக்கோ அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2022 கணக்குப்படி உலகில் மின்சாரமே இல்லாதவர்கள் சுமார் 68.5 கோடிப் பேர். விறகு, கரி, சாணம், பயிர்க் கழிவு, மண்ணெண்ணெய் என்று புகையும் எரிபொருளில் சமைக்கிற குடும்பங்களில் வாழ்கிறவர்கள் சுமார் 210 கோடி. ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டுக்கும் ஒரே இலக்கு ஆண்டுதான். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஏழாவது இலக்கு, 2030க்குள் இரண்டும் எல்லோருக்கும் என்கிறது. மின்சாரம் மெதுவாகவாவது நகர்கிறது. அடுப்பு மட்டும் ஏன் பின்தங்குகிறது?

மின்கம்பி இழுப்பது கஷ்டம், பணம் அதிகம் பிடிக்கும் வேலை. அப்படிப் பார்த்தால் அடுப்புதான் முதலில் தீர்ந்திருக்க வேண்டும். பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 2030க்குள் உலகம் முழுவதற்கும் தூய சமையல் வசதி கொடுக்க ஆண்டுக்கு 800 கோடி டாலர் போதும், அதில் பாதி சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவுக்கு. எரிசக்தித் துறையில் புழங்கும் பணத்துக்கு முன்னால் இது சில்லறை. 2024 மே மாதம் பாரிஸில் கூடிய மாநாட்டில் ஆப்பிரிக்காவின் சமையலுக்கென்று 220 கோடி டாலர் வாக்குறுதி கிடைத்ததையே பெரிய செய்தியாகச் சொன்னார்கள். என் கணிப்பு இதுதான்: பல்பு வந்தால் வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் விழுகிறது, புகை ஒருவர் கண்ணில்தான் போகிறது. வீட்டில் பேரம் பேசும் வலு இல்லாதவருடைய தேவை, நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலும் பேரம் பேச வலு இல்லாமல்தான் இருக்கும்.

விறகு இலவசம் என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். "விறகு சும்மா கிடைக்குதும்மா, எதுக்குக் காசு குடுத்து கேஸ்?" சும்மா கிடைப்பது விறகு இல்லை, அதைச் சுமந்து வருகிற ஆளின் பொழுது. அந்தப் பொழுதுக்குக் கூலி இல்லை என்பதால் வீட்டுக் கணக்கில் அது பூஜ்யம். அதே பெண்ணுக்கு வெளியே சம்பளம் உள்ள வேலை கிடைத்தால், அன்றைக்கே விறகு விலை உயர்ந்த பொருளாகிவிடும். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பெண்களுக்குக் கூலி வேலை கிடைக்கிற இடங்களில் கேஸ் அடுப்பு சீக்கிரம் ஏறிவிடும், ஆண்களின் வருமானம் மட்டும் கூடின இடங்களில் முதலில் வேறு சாமான்கள் வந்து இறங்கும். களத்தில் எங்களுக்கு இது பழகிப்போன காட்சி.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஒரு கணக்குச் சொன்னது. புகையும் எரிபொருளில் சமைக்கும் வீடுகளில் சிறுமிகள் விறகுக்கும் தண்ணீருக்குமாக வாரத்துக்குச் சராசரியாக 18 மணி நேரம் செலவிடுகிறார்கள், தூய எரிபொருள் உள்ள வீடுகளில் 5 மணி நேரம். சிறுமிகள் என்பதைக் கவனியுங்கள். அம்மாவின் பொழுது தீர்ந்தால் அடுத்து எடுக்கப்படுவது மகளின் பொழுது. அது பள்ளிக்கூடப் பொழுதாகவும் இருக்கலாம்.

பொழுது திரும்பக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் கிராமங்களுக்கு வேக வேகமாக மின்சாரம் கொடுத்தார்கள். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதன் விளைவை ஆராய்ந்த பொருளியலாளர் டேரின் டிங்கல்மன் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மின்சாரம் வந்த பகுதிகளில் சில ஆண்டுகளுக்குள்ளாகவே வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் சுமார் 9 சதவீதப் புள்ளிகள் கூடியதைக் கண்டார். விறகு எரிப்பது குறைந்து, மின்சாரத்தில் சமைப்பது கூடி, வீட்டு வேலையிலிருந்து நேரம் மிஞ்சியதுதான் வழி. கவனியுங்கள், இங்கே வருமானம் உயர்ந்து அதனால் மின்சாரம் வரவில்லை. மின்சாரம் வந்தது, அதன் பின்னால் வருமானம் வந்தது. கட்டுரையாளர் சொன்ன வரிசை தலைகீழ்.

இதனால் வறுமை பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வறுமைதான் வாசலில் முதலில் நிற்கிறது. ஆனால் அதையும் நாம் தப்பாகவே அளக்கிறோம். மாத வருமானம் இவ்வளவு, சிலிண்டர் இவ்வளவு, ஆகவே வாங்க முடியும் அல்லது முடியாது என்று கோடு போடுகிறோம். தினக்கூலி வாங்குகிற வீட்டில் மாத வருமானம் என்று ஒன்று இல்லவே இல்லை. இன்றைக்கு வந்தது இன்றைக்கே தீரும். மண்ணெண்ணெய் அரை பாட்டில் வாங்கலாம், கரி ஒரு கூறு வாங்கலாம், சுள்ளி வாங்காமலே பொறுக்கலாம். சிலிண்டரை அரை சிலிண்டர், கால் சிலிண்டர் என்று யார் தருவார்கள்? மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அந்த வீடு மண்ணெண்ணெய்க்கும் கரிக்கும் அதிகமாகவே செலவழித்திருக்கலாம். கையில் ஒரே நேரத்தில் அந்தத் தொகை இல்லை, அவ்வளவுதான்.

இந்தோனேசியா இதைப் புரிந்துகொண்ட நாடு. 2007இல் மண்ணெண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியபோது 3 கிலோ சிலிண்டரோடு தொடங்கினார்கள். சிறியது, தூக்க எளிது, ஒரு முறைக்கு ஆகிற காசும் குறைவு. 5 கோடிக்கும் மேற்பட்ட அடுப்பு-சிலிண்டர் தொகுப்புகள் வீடுகளுக்குப் போயின. அதில் மானியச் சிக்கல்கள் பின்னால் வந்தது வேறு கதை. தூக்க எளிது என்பதை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். நிரப்பிய சிலிண்டரைச் சாலையிலிருந்து வீடு வரை யார் சுமப்பது என்ற கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. வீட்டில் ஆண் வெளியூரில் இருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே சிலிண்டர் தள்ளிப்போகும்.

ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கொடுக்கும் இந்தியாவின் உஜ்வலா திட்டம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. ஏழைக் குடும்பத்தின் வயதுவந்த பெண்ணின் பெயரில்தான் இணைப்பு என்பது அதன் விதி. நல்ல விதி. இன்றைக்கு அப்படி 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் பெயரில் இணைப்பு இருக்கிறது. ஆனால் 2019-20இல் ஒரு பயனாளி ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர் 3ஐ ஒட்டித்தான் இருந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பம் முழுக்க எரிவாயுவிலேயே சமைத்தால் அது பாதி ஆண்டுக்கு வராது. மீதிக் காலத்துக்கு? பழைய அடுப்புதான். 2022 மே மாதம் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் வந்தது, 2023 அக்டோபரில் அது 300 ஆனது, சராசரி பிறகு 4ஐத் தாண்டியது. பெயர் அவளுடையது, நிரப்பும் காசு அவளிடம் இல்லை. ஆண்டின் மற்ற மாதங்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆனால் கணக்கெடுப்பாளர் வந்து கேட்டால் அந்த வீடு 'கேஸ்' வீடுதான். முக்கிய எரிபொருள் எது என்று மட்டும் கேட்கிற கேள்விக்கு அதற்குமேல் பதில் சொல்ல முடியாது.

இங்கேதான் அலுவலக அறைகளில் நான் கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு வாதம் வரும். பெண்களே பழைய அடுப்பை விட மாட்டார்கள், ருசி போய்விடும் என்பார்கள், பழக்கத்தை மாற்ற முடியாது, விழிப்புணர்வுதான் தேவை என்பார்கள். சொல்கிறவர் அநேகமாக அடுப்பு ஊதியே இருக்கமாட்டார். பழக்கம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாலு நாடுகளில் ஹாப்பின் என்ற பெரிய ஆய்வு நடந்தது. சுமார் 3,200 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் 18 மாதங்கள் இலவசமாக வீட்டுக்கே வந்தன. அவர்கள் கிட்டத்தட்ட முழுக்க எரிவாயுவிலேயே சமைத்தார்கள். நாலு நாட்டுச் சமையலும் வெவ்வேறு, நாலு நாட்டிலும் பழக்கம் பெரிய தடையாக நிற்கவில்லை. காசும் தூரமும் குறுக்கே இல்லாதபோது அந்தப் பெண்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே ஆய்வு சொன்ன, நமக்கு வசதியில்லாத இன்னொரு முடிவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் வாசகர் யாராவது எடுத்துக் காட்டுவார். புகையின் அளவு நன்றாகக் குறைந்தும், பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை என்று 2022இல் முடிவு வெளியானது. பிறகு குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் வேறுபாடு தென்படவில்லை. ஆய்வாளர்களுக்கே இது ஏமாற்றம்தான். எரிவாயு கொடுத்தால் எல்லா நோயும் போய்விடும் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். ஆனால் வீட்டுப் புகையால் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதய நோய், பக்கவாதம், நுரையீரல் அடைப்பு நோய் என்று பல்லாண்டுகள் புகையில் நின்றதன் பலன்களே அதில் பெரும்பகுதி. அவை ஒன்றரை ஆண்டில் அளந்து முடிகிற விஷயங்கள் இல்லை. அதுவும் போக, ஒரு பெண்ணின் முதுகும் கண்ணும் பொழுதும் மிச்சமாவதை நியாயப்படுத்தக் குழந்தையின் எடைதான் கூட வேண்டுமா? அம்மாவுக்கு நல்லது என்பது மட்டும் போதாத காரணமாக ஏன் இருக்கிறது?

சரி, பழக்கம் இல்லை, காசுதான் என்றால் கட்டுரையாளர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். யாருடைய காசு என்பதில்தான் விஷயம். வங்கதேசத்தில் கிராண்ட் மில்லர், முஷ்பிக் மொபாரக் என்ற இரு பொருளியலாளர்கள் மேம்படுத்திய அடுப்புகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளில் ஆணிடம் கேட்டார்கள், சில வீடுகளில் பெண்ணிடம். அடுப்பு இலவசம் என்றபோது, புகையை வெளியேற்றும் அடுப்பைப் பெண்கள் அதிகமாக விரும்பினார்கள். சிறிய விலை ஒன்றை வைத்ததும் அந்த விருப்பம் செயலில் தெரியவில்லை. விருப்பம் போய்விடவில்லை, வாங்கு என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே வறுமை. ஆனாலும் யார் கையில் பணப்பை என்பதைப் பொறுத்து அடுப்பு வரும், வராது. வருமானம் உயர்ந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு இதற்கு என்ன பதில் என்று எனக்குக் கேட்க ஆசை.

பெண் தலைமையிலான குடும்பங்கள் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்தது, அவைதான் மிகவும் பின்தங்கியவை என்று. இது நிறையப் பேர் சொல்வது, கேட்க நியாயமாகவும் இருக்கும். களத்தில் அது அப்படி நேர்கோடாக இல்லை. ஒரு வீட்டில் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், மாதா மாதம் பணம் அனுப்புகிறார், மனைவிதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் கைவிட்ட முதிய விதவை ஒருவர், தனியாக. எங்கள் படிவத்தில் இருவரும் ஒரே கட்டம்: குடும்பத் தலைவர், பெண். முதல் வீட்டில் மின்விசிறியும் எரிவாயுவும் அக்கம்பக்கத்துக்கு முன்பே வந்திருக்கும், ஏனென்றால் பணமும் முடிவும் ஒரே கையில். இரண்டாவது வீட்டில் மின் இணைப்பே இறந்துபோன கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ கிடக்கும், பெயர் மாற்ற வேண்டிய காகிதம் மகனிடம் இருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருகிற எண்ணுக்கு என்ன பொருள்? பல நாட்டு ஆய்வுகளில் பெண் தலைமைக் குடும்பங்கள் ஓரிடத்தில் பின்தங்கியும் ஓரிடத்தில் சமமாகவும் ஓரிடத்தில் முன்னேயும் தெரிவதற்கு இந்தக் கலவையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பெரிய கூட்டம் வேறிடத்தில் இருக்கிறது: ஆண் தலைமை என்று குறிக்கப்பட்ட வீடுகளுக்குள் இருக்கும் பெண்கள். அவர்களைத் தனியாக யாரும் எண்ணுவதில்லை.

இணைப்புக்குக் கேட்கும் காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு உரிமைச் சான்று, முகவரிச் சான்று, முன்பணம். நிலமும் வீடும் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர் பெயரில்தான் மீட்டரும் வரும். எங்கெல்லாம் சொத்து ஆணுக்குப் போகிறதோ அங்கெல்லாம் மின்சாரமும் அதன் பின்னாலேயே போகும். மணமுறிவு வந்தால் மனைவி இருளில் வெளியேறுகிறாள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை, இணைப்பு அப்படியே இருக்கிறதே, கணக்கில் குறையவில்லையே.

மின்சாரத்திலும் இதே கதைதான், கொஞ்சம் மங்கலாக. உலக வங்கி 2015இல் ஒரு படிநிலை முறையைக் கொண்டுவந்தது. மின்சாரம் உண்டா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டு, 0 முதல் 5 வரை படிகள். முதல் படிக்குக் குறைந்தது 3 வாட், நாளுக்கு 12 வாட்-மணி, நாளில் 4 மணி நேரம், அதில் மாலையில் 1 மணி நேரம். அதாவது ஒரு விளக்கு, ஒரு கைப்பேசிக்குச் சார்ஜ். ஐந்தாவது படிக்கு 2,000 வாட், நாளுக்கு 8.2 யூனிட், 23 மணி நேரம். எனக்கு மிகவும் பிடித்த முறை, ஏனென்றால் பொய் சொல்ல இடம் குறைவு. ஆனால் அதுவும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு விளக்கு எங்கே தொங்குகிறது? நான் போன ஒற்றை விளக்கு வீடுகளில் அது முன்னறையில்தான் தொங்கும், ஆட்கள் உட்காரும் இடத்தில். சமையல் நடக்கும் மூலைக்கு அடுப்பு வெளிச்சமே போதும் என்று விட்டிருப்பார்கள். மின்தடை மாலையில் வந்தால் வேலை கெடுவது யாருக்கு, பகலில் வந்தால் யாருக்கு என்பதும் ஒன்றல்ல. மாலை 1 மணி நேரம் என்பது சிலருக்கு ஓய்வு நேரம், சிலருக்கு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம்.

புதிய வழிகளிலும் பழைய சிக்கல் வந்து ஒட்டிக்கொள்கிறது. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா கைப்பேசிப் பணத்தை வைத்து, சூரிய மின் தொகுப்பை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சிறு சிறு தவணையாக வசூலிக்கிற முறை வளர்ந்தது. எம்-கோபா போன்ற நிறுவனங்கள் அதில் பெயர் பெற்றவை. தினக்கூலிக்காரர் கைக்கு ஏற்ற முறை, மொத்தத் தொகை என்ற சுவரை அது உடைக்கிறது. நான் முழு மனதோடு வரவேற்பேன். ஆனால் தவணை கட்டும் கைப்பேசி யாருடையது? ஏழை நாடுகளில் பெண்களிடம் கைப்பேசி இருப்பது ஆண்களைவிடக் குறைவு. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கணவர் வெளியே போய்விட்டால் அன்றைய தவணையும் அவரோடு போகிறது. தவணை தவறினால் விளக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் ஒருவர், பூட்டைத் திறக்கக் கூடியவர் இன்னொருவர்.

திட்டம் வகுக்கும் இடத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019இல் சொன்ன கணக்கு: அந்தத் துறையில் முழுநேர ஊழியர்களில் பெண்கள் 32 சதவீதம், எண்ணெய் எரிவாயுத் துறையில் 22 சதவீதம். பெண்களை எண்ணிக்கையில் சேர்த்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. ஆனால் சமையலறைக்கு வெளிச்சம் வந்ததா என்று கேட்கத் தோன்றுகிற ஆள் அந்த அறையில் ஒருவராவது இருக்க வேண்டுமே.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காசு இல்லாத வீட்டில் கஷ்டம் எல்லோருக்கும் சமமாகப் பிரிவதில்லை. யாருடைய உழைப்புக்கு விலை இல்லையோ, அவர் உடம்பை வைத்து அந்த வீடு தன் பற்றாக்குறையைச் சரிக்கட்டிக்கொள்கிறது. அதனால் வறுமை, பெண் நிலை என்று இரண்டு தனித் தலைப்புகளில் எழுதிவிட்டு ஒன்று தீர்ந்தால் மற்றது தீரும் என்று சொல்ல முடியாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த மாதம் வரும் என்று போட்டிருந்தீர்கள். களத்துக்குப் போகும் உங்கள் நிருபருக்கு ஒரு பழைய கணக்கெடுப்பாளராகச் சில யோசனைகள். சமையலுக்கு எது எரிபொருள் என்று கேட்க வேண்டாம், நேற்று இரவு எதில் சமைத்தீர்கள் என்று கேட்கட்டும். சிலிண்டர் இருக்கிறதா என்பதற்குப் பதிலாகக் கடைசியாக நிரப்பியது எப்போது, அதற்கான பணத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்கட்டும். வீட்டில் எத்தனை விளக்கு என்பதோடு அடுப்புக்கு மேலே விளக்கு உண்டா என்பதையும் பார்த்து எழுதட்டும். முடிந்தால் ஒரே கேள்விகளை ஆணிடமும் பெண்ணிடமும் தனித்தனியாகக் கேட்டு, பதில்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை அப்படியே அச்சில் போடுங்கள், சராசரி எடுக்க வேண்டாம். முக்கியமாக, முற்பகலில் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் அடுப்பு அணைந்திருக்கும், அவள் விறகுக்கோ வேலைக்கோ போயிருப்பாள், வாசலில் உட்கார்ந்திருப்பவர்தான் பதில் சொல்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களக் கணக்கெடுப்பாளர் ஒருவர்